வீராணமும் சிதம்பரமும்: முதல்முறை வருகிறவருக்கு மூன்று நாள் வழி

சிதம்பரத்துக்கு ஒருநாள் பயணமாக வராதீர்கள். காலையில் கோயில், மதியம் பிச்சாவரத்துச் சுரபுன்னைக் காட்டில் படகு, சாயங்காலம் பஸ் ஏறி ஊர் திரும்புவது என்றுதான் பலரும் வந்துபோகிறார்கள். கோயிலும் காடும் பார்க்க வேண்டியவைதான். ஆனால் அந்த இரண்டுக்கும் நடுவே கிடக்கும் சீமையை அவர்கள் பார்க்காமலே போய்விடுகிறார்கள். கண்ணுக்கு எட்டிய வரை மேடு பள்ளம் தெரியாத நெல்வயல், மேற்கே கடல்போல் ஓர் ஏரி, ரயில் பாதைக்குக் கிழக்கே ஒரு பல்கலைக்கழக ஊர். இவை எல்லாவற்றையும் ஒரே தண்ணீர்தான் கோத்து வைத்திருக்கிறது. கொள்ளிடத்தில் வரும் காவிரித் தண்ணீர் கீழணையில் மறிக்கப்பட்டு, வடவாற்றில் ஓடி, வீராணம் ஏரியில் தேங்கி, மதகு மதகாக வயலுக்கு இறங்குகிறது. வயல்களில் பாய்ந்து வடிந்தது கடைசியில் கடலோரச் சுரபுன்னைக் காட்டில் உப்போடு சேர்கிறது. அந்தத் தண்ணீரின் பின்னாலேயே போவதுதான் இந்த மூன்று நாள் வழி.

எப்போது வருவது

மார்கழிக் கடைசியிலிருந்து மாசி நடுப்பகுதி வரை, அதாவது ஜனவரியும் பிப்ரவரியும்தான் முதல்முறை வருகிறவருக்கு ஏற்ற காலம். ஏரியில் தண்ணீர் இருக்கும். சம்பா முற்றிப் பச்சையும் மஞ்சளும் கலந்து நிற்கும். பறவைகள் வந்திருக்கும். வெயில் உறைக்காது. விடியற்காலையில் வயல்மேல் பனி இறங்கி, ஏழு மணிக்கு மேல்தான் மெல்ல விலகும்.

ஐப்பசி, கார்த்திகையில் வருவதாக இருந்தால் இரண்டு முறை யோசியுங்கள். வடகிழக்குப் பருவமழை இந்தப் பக்கம் அடித்துப் பெய்யும். மண் தட்டையானது என்பதால் பெய்த மழை எளிதில் வடியாது. கொள்ளிடத்திலும் வெள்ளாற்றிலும் ஒரே நேரத்தில் வெள்ளம் வந்தால் கிராமச் சாலைகள் முழங்கால் தண்ணீரில் நிற்கும். புயல் அறிவிப்பு இருக்கும் வாரத்தில் பயணத்தைத் தள்ளிப்போடுவதே நல்லது. நீங்கள் வந்தால் உங்களைப் பார்த்துக்கொள்வதும் ஊர்க்காரர் தலையில் விழும்.

சித்திரை, வைகாசியில் வயல் வெடித்துக் கிடக்கும், பல ஆண்டுகளில் ஏரியும் வற்றிவிடும். அதையும் பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம். ராமநாதபுரம் பக்கத்துக் கீதாரிகள் ஆடுகளை ஓட்டிவந்து அறுத்த வயலில் கிடை போடுவதும், வாத்துக்காரர்கள் நூற்றுக்கணக்கான வாத்துகளை வரப்போரம் ஓட்டிப்போவதும் அறுவடைக்குப் பிந்தைய கோடைக் காட்சிகள். ஆனால் அது இரண்டாவது முறை வருகிறவருக்கானது.

மார்கழித் திருவாதிரை, ஆனித் திருமஞ்சனம் ஆகிய தேர்த் திருவிழா நாட்களிலும், மகா சிவராத்திரியை ஒட்டிய நாட்டியாஞ்சலி நாட்களிலும் லாட்ஜில் அறை கிடைப்பது கடினம். பல்கலைக்கழகப் பட்டமளிப்பு விழா சமயமும் அப்படித்தான். திருவிழாவுக்கென்றே வருவதானால் அறையை முன்கூட்டியே பேசிவிடுங்கள். வயலும் ஏரியும் பார்க்க வருவதானால் அந்த நாட்களை விட்டுவிடுங்கள்.

வந்து சேர்வதும் தங்குவதும்

சென்னையிலிருந்து சிதம்பரம் சுமார் 230 கிலோமீட்டர். விழுப்புரம், கடலூர் வழியாக மயிலாடுதுறை போகும் பாதையில்தான் சிதம்பரம் நிலையம் இருக்கிறது. சோழன் விரைவு வண்டி பகலில் வரும், உழவன் இரவில். நேரத்தை அன்றன்றைக்குப் பார்த்துக்கொள்ளுங்கள். நான் பகல் வண்டியைத்தான் சொல்வேன். கடலூர் தாண்டியதும் ஜன்னலுக்கு வெளியே நிலம் மெல்ல மெல்லத் தட்டையாகிக்கொண்டே வருவதைக் கண்ணால் பார்க்கலாம். புதுச்சேரி, கடலூர், சீர்காழி, மயிலாடுதுறை, கும்பகோணம் பக்கமிருந்து பஸ்ஸுக்குப் பஞ்சமில்லை.

ஊரின் அமைப்பை முதலில் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். வடக்கு தெற்காக ரயில் பாதை. அதற்கு மேற்கே பழைய ஊர், நடுவில் கோயில், சுற்றி நான்கு தேர் வீதிகள். பாதைக்குக் கிழக்கே அண்ணாமலை நகர், அதாவது பல்கலைக்கழகம். இரண்டும் ஒரே ஊர்போல் தோன்றினாலும் நடப்பு வேறு. மேற்கே கோயில் மணிக்கு ஏற்பத் திறந்து மூடும் கடைகள், கிழக்கே மாணவர் விடுதி நேரத்துக்கு ஏற்பத் திறந்து மூடும் கடைகள். தங்குவதற்குத் தேர் வீதிகளின் பக்கம் வசதி. சாப்பாடு, பஸ், கோயில் எல்லாம் நடக்கிற தூரத்தில் இருக்கும்.

வண்டி விஷயம். முதல் நாளுக்கு நடையும் ஷேர் ஆட்டோவும் போதும். இரண்டாம் நாளுக்கு ஒரு காரோ ஆட்டோவோ நாள் முழுக்கப் பேசிக்கொள்ளுங்கள். எந்தெந்த ஊர், எத்தனை மணிக்குத் திரும்புவது என்பதை ஏறுவதற்கு முன்பே சொல்லி வாடகை பேசினால் பிறகு மனத்தாங்கல் வராது. சொந்த பைக்கில் வருகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அறுவடைக் காலத்தில் கிராமச் சாலையில் பாதியை நெல் காயப்போட எடுத்துக்கொள்வார்கள். பங்குனியில் உளுந்துச் செடியையே சாலையில் பரப்பி, வண்டிச் சக்கரம் ஏறி நெற்று உடையட்டும் என்று விட்டிருப்பார்கள். அதன்மேல் வேகமாகப் போய் பிரேக் பிடித்தால் வழுக்கும். மெதுவாகப் போங்கள்.

முதல் நாள்: ஊரும் பல்கலைக்கழகமும்

காலையில் கொத்சு சாப்பிட்டுவிட்டுத் தொடங்குங்கள். சிதம்பரம் கொத்சு என்பது கத்தரிக்காயைப் புளியில் வேகவிட்டு மசித்து, வறுத்து அரைத்த பொடி சேர்த்துச் செய்வது. இட்லிக்கு மட்டும் அல்ல, மிளகும் சீரகமும் நெய்யும் போட்ட சம்பா சாதத்துக்கும் அதுதான் ஜோடி. சம்பா சாதமும் கொத்சும் நடராசருக்கு நைவேத்தியமாகும் பண்டங்கள். வெளியே ஓட்டலில் கேட்கும்போது 'கொத்சு இன்னைக்கு உண்டா?' என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். எல்லாக் கடையிலும் எல்லா நாளும் இருக்காது.

கோயிலைப் பற்றி எழுதத் தொடங்கினால் இந்தக் கட்டுரை போதாது. நான்கு கோபுரங்களின் உள்வாயில்களிலும் நிமிர்ந்து பாருங்கள். நாட்டிய சாத்திரம் சொல்லும் 108 கரணங்கள், அதாவது ஆடல் நிலைகள், கல்லில் வரிசையாக நிற்கும். வடக்குக் கோபுரம் கிருஷ்ணதேவராயர் 1516-இல் பெற்ற வெற்றியின் நினைவாக எழுப்பியது. கோவிந்தராசப் பெருமாள் சன்னதி நடராசர் சன்னதிக்கு அருகிலேயே இருக்கிறது, ஓரிடத்தில் நின்று இருவரையும் பார்க்கலாம். உள்ளே சன்னதிக்குப் போக ஆண்கள் சட்டையைக் கழற்ற வேண்டும். நண்பகலில் நடை சாத்திவிட்டால் மாலையில்தான் திறப்பார்கள். காலையை விட்டவர்கள் சாயரட்சை பூஜைக்குப் போகலாம். அந்த மணியோசையை முதல்முறை கேட்கிறவர் அசையாமல் நின்றுவிடுவார்.

மாலை நான்கு மணிக்கு ரயில் பாதையைத் தாண்டிக் கிழக்கே போங்கள். ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் 1920-இல் மீனாட்சி கல்லூரியைத் தொடங்கினார். அதுவே வளர்ந்து 1929-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் ஆனது. 2013-இல் அரசு நிர்வாகத்துக்கு வந்தது. மாணவர்கள் தங்கிப் படிப்பதற்கென்றே திட்டமிட்ட இடம் என்பதால், வளாகம் ஒரு தனி ஊராகவே இருக்கிறது. தமிழிசை இயக்கம் வேர்விட்ட இடம் இது. இசைக் கல்லூரிப் பக்கம் சாயங்காலம் போனால் ஏதாவது ஒரு ஜன்னலிலிருந்து வீணையோ மிருதங்கமோ கேட்கலாம். வேளாண் புலம் இங்கே இருப்பது எனக்குப் பெருமை. சுற்றியுள்ள வயல்களின் கேள்விகள் வகுப்பறைக்குள் போய், பதிலாகத் திரும்பி வந்த வரலாறு இந்தப் பக்கத்துக்கு உண்டு.

1965 ஜனவரி 27-இல் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியான மாணவர் இராசேந்திரனின் சிலையையும் பாருங்கள். ஒரு நிமிடமாவது நில்லுங்கள். அதோடு, வளாகத்தை ஒட்டிய திருவேட்களம் பாசுபதேசுவரர் கோயிலை விட்டுவிடாதீர்கள். தேவாரப் பாடல் பெற்ற தலம். பெரிய கோயிலின் நெரிசலிலிருந்து வருகிறவருக்கு அங்கே உட்கார்ந்து மூச்சுவிட இடம் உண்டு.

வளாகத்தில் நடக்கும்போது அது சுற்றுலாத் தலமல்ல, பிள்ளைகள் படிக்கும் இடம் என்பதை மறக்க வேண்டாம். வாசலில் காவலர் கேட்டால் எங்கே போகிறீர்கள் என்று நேராகச் சொல்லுங்கள். விடுதிப் பக்கம் கேமராவைத் தூக்காதீர்கள். இரவுச் சாப்பாட்டுக்கு மாணவர்கள் கூடும் பரோட்டாக் கடைகளில் ஒன்றில் உட்கார்ந்தால், தமிழ்நாட்டின் எல்லா மாவட்டப் பேச்சும் ஒரே மேசையில் காதில் விழும்.

இரண்டாம் நாள்: கீழணையிலிருந்து வீராணம்

இந்தப் பயணத்தின் நெஞ்சு இந்த நாள்தான். விடியற்காலை ஐந்தரைக்கெல்லாம் கிளம்பி நேராக அணைக்கரைக்குப் போய்விடுங்கள். கொள்ளிடத்தின் குறுக்கே 1836-இல் ஆர்தர் காட்டன் கட்டிய கீழணை அங்கே இருக்கிறது. அகன்ற மணலாற்றில் நீர் எவ்வளவு சாதுவாக நிற்கிறது என்று பாருங்கள். உயரமான அணையைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது ஒன்றுமே இல்லாததுபோல் தோன்றும், இதன் முழு அளவே 9 அடிதான். ஆனால் அந்த 9 அடி நின்றால்தான் வடவாறு, வடக்கு ராஜன் வாய்க்கால், தெற்கு ராஜன் வாய்க்கால் எல்லாம் ஓடும். வடக்கே கடலூர் மாவட்டமும் தெற்கே மயிலாடுதுறைப் பக்கமும் இதைத்தான் நம்பி விதை ஊறப்போடுகின்றன. மேட்டூரில் தண்ணீர் திறந்த செய்தி வந்தால் டெல்டாவின் மற்ற பகுதிகள் வாய்க்காலைப் பார்க்கும். எங்கள் பக்கத்துக்காரர்கள் 'கீழணைக்கு வந்துடுச்சா?' என்றுதான் கேட்பார்கள்.

அங்கிருந்து மீன்சுருட்டி வழியாகக் கங்கைகொண்ட சோழபுரம் பக்கம்தான். யுனெஸ்கோ 2004-இல் உலக மரபுச் சின்னமாகச் சேர்த்த கோயில் என்பதால் வழி கேட்கவே வேண்டாம். கோயிலை எல்லோரும் பார்க்கிறார்கள். நீங்கள் அதோடு நிற்காமல் பொன்னேரி எங்கே என்று கேட்டுப் போங்கள். கங்கைவரை படை அனுப்பிய முதலாம் இராசேந்திரன் வெட்டிய சோழகங்கம் அது. வெற்றிக்குக் கல்தூண் நடுவது வழக்கம். இவன் நீராலேயே வெற்றித்தூண் எடுத்தான் என்று திருவாலங்காட்டுச் செப்பேடு சொல்கிறது. அந்தக் கரையில் ஐந்து நிமிடம் நின்ற பிறகு வீராணத்துக்குப் போனால், சோழர் ஏரியை எப்படி நினைத்தார்கள் என்பது தானாகப் புரியும்.

அடுத்தது காட்டுமன்னார்கோயில். பழைய பெயர் வீரநாராயணபுரம். வீரநாராயணன் என்பது முதலாம் பராந்தகனின் பட்டப்பெயர், ஏரிக்கும் அதே பெயர்தான். பேச்சில் தேய்ந்து வீராணம் ஆயிற்று. நாலாயிர திவ்வியப் பிரபந்தத்தைத் தொகுத்த நாதமுனிகள் பிறந்த ஊர். அவருடைய பேரர் ஆளவந்தாருக்கும் இதுவே ஊர். வீரநாராயணப் பெருமாள் கோயிலைப் பார்த்துவிட்டு, ஊரோடு ஒட்டிய உடையார்குடி அனந்தீசுவரர் கோயிலுக்கும் போங்கள். ஆதித்த கரிகாலனைக் கொன்றவர்களின் சொத்துகளைப் பறிமுதல் செய்த செய்தி சொல்லும் இராசராசன் காலக் கல்வெட்டு அந்தக் கோயிலில்தான் உள்ளது. கல்வெட்டில் கை வைத்துத் தேய்க்காதீர்கள், மாவு பூசி எழுத்தைத் தெளிவாக்கப் பார்க்காதீர்கள். பக்கவாட்டில் விழும் வெளிச்சமே எழுத்தைக் காட்டும்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, வெயில் தாழ்ந்ததும் ஏரிக்கு வாருங்கள். காலையில் ஏன் போகக் கூடாது என்று கேட்கலாம். சாலை ஏரியின் கிழக்குக் கரைமேல் போகிறது. சாயங்காலம் அந்தக் கரையில் நின்றால் சூரியன் உங்கள் எதிரே தண்ணீரில் இறங்கும். அதற்காகத்தான்.

காட்டுமன்னார்கோயிலிலிருந்து லால்பேட்டை வந்து கரையேறுங்கள். லால்பேட்டையைச் சுற்றி வெற்றிலைக் கொடிக்கால்களைக் காணலாம். அகத்தி நிழலில் கொடி படர்ந்து, உள்ளே நுழைந்தால் வெளியைவிடக் குளிர்ச்சியாக இருக்கும். கொடிக்காலுக்குள் போக உடையவரிடம் அனுமதி கேட்டு, செருப்பை வெளியில் விட்டுப் போவதுதான் மரியாதை.

கரையில் வடக்கு நோக்கி நின்று இரண்டு பக்கமும் பாருங்கள். இடது கை பக்கம் ஏரி, வலது கை பக்கம் வயல். வயல் ஏரி நீரைவிடத் தாழ்வாக இருக்கும். ஆயிரம் ஆண்டுகளாக இந்த ஏரி செய்யும் வேலை முழுவதும் அந்தத் தாழ்வில்தான் அடங்கியிருக்கிறது. பம்பு வேண்டாம், மின்சாரம் வேண்டாம். மதகின் ஷட்டரைத் தூக்கினால் தண்ணீர் தானே இறங்கும். மொத்தம் 34 மதகுகள், 44,856 ஏக்கர் பாசனம்.

செய்தியில் 'வீராணம் 47.50 அடியை எட்டியது' என்று படித்திருப்பீர்கள். ஏரி 47 அடி ஆழம் என்று அதை எடுத்துக்கொள்ளாதீர்கள். அது கடல் மட்டத்திலிருந்து கணக்கிடும் உயரம். ஏரியின் ஆழம் அதில் சிறு பகுதிதான். இங்கிருந்து கடல் முப்பது, நாற்பது கிலோமீட்டர் தள்ளி. அவ்வளவு தூரத்துக்கும் நிலம் மொத்தமாக இறங்குவதே ஐம்பது அடிக்குள்தான். இந்தச் சீமை எவ்வளவு தட்டை என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. வாய்க்கால் வெட்டும்போது அரை அடி தப்பினாலும் தண்ணீர் நின்றுவிடும் பூமி இது. கருவி எதுவும் இல்லாத காலத்தில் இதற்கு மட்டம் பார்த்தவர்களை நினைத்தால் கைகூப்பத் தோன்றுகிறது.

நீங்கள் சென்னைக்காரராக இருந்தால் இன்னொரு செய்தி. 2004 முதல் இந்த ஏரித் தண்ணீர் சேத்தியாத்தோப்பிலிருந்து குழாய் வழியாகச் சென்னைக்கு வருகிறது. உங்கள் வீட்டுச் சொம்பில் இந்த ஏரி இருந்திருக்கலாம். அதனால் கரையில் பிளாஸ்டிக் தட்டும் டம்ளரும் போடாதீர்கள் என்று உங்களிடம் கேட்டுக்கொள்ள எனக்கு உரிமை உண்டு.

பறவை பார்க்கிறவர்கள் பைனாகுலர் கொண்டுவர வேண்டும், ஏரி அகலமானது. நீர்க்காகம், நத்தைகுத்தி நாரை, அரிவாள்மூக்கன், நாமக்கோழி, கூழைக்கடா ஆகியவை வரும். கரைச் சாலை ஒடுங்கலானது, பஸ்ஸும் போகும். வண்டியை வளைவில் நிறுத்தாமல், மதகு இருக்கும் இடங்களில் ஒதுங்கி நிறுத்துங்கள். மதகுப் பக்கம் காக்கிச் சட்டையில் லஸ்கர், அதாவது மதகைப் பார்த்துக்கொள்ளும் பாசனப் பணியாளர், யாராவது இருந்தால் வணக்கம் சொல்லிப் பேச்சுக் கொடுங்கள். எந்த மதகில் எவ்வளவு திறந்திருக்கிறது, எந்த ஊருக்கு முறை என்பதெல்லாம் அவருக்குத்தான் மனப்பாடம். பொழுது சாய்ந்த பிறகு பூதங்குடி, சேத்தியாத்தோப்பு, புவனகிரி வழியாகச் சிதம்பரம் திரும்பலாம்.

காரில்லாதவர்கள் அணைக்கரையை விட்டுவிட்டு, சிதம்பரத்திலிருந்து காட்டுமன்னார்கோயிலுக்கு பஸ்ஸில் வந்து, அங்கிருந்து கரைச் சாலையில் போகும் பஸ்ஸைக் கேட்டு ஏறலாம். சிதம்பரம்–காட்டுமன்னார்கோயில் இருபத்தைந்து கிலோமீட்டர் அளவுதான்.

வயலில் இறங்குவதானால்

வழியில் எங்காவது இறங்கி வயலுக்குள் போக ஆசை வரும். வாருங்கள், ஆனால் கேட்டுவிட்டு வாருங்கள். 'அண்ணே, கொஞ்சம் வரப்புல நடந்து பார்க்கலாமா?' என்று கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். வயதானவராக இருந்தால் ஐயா, பெண்களாக இருந்தால் அக்கா, அம்மா. நாற்றங்காலில் கால் வைக்கக் கூடாது. வரப்பு ஈரமாக இருந்தால் ஓரத்தை மிதிக்கக் கூடாது, ஒரு பக்கம் சரிந்தால் கட்டி நிறுத்திய தண்ணீர் அடுத்த வயலுக்குப் போய்விடும். களத்தில் கொட்டியிருக்கும் நெல்லைச் செருப்புக் காலால் மிதிப்பதை யாரும் விரும்ப மாட்டார்கள்.

தை மாதம் வந்தவர்களுக்கு ஒரு வேலையைக் காட்ட ஆசைப்படுகிறேன். சம்பா அறுப்பதற்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பு, நிற்கிற நெல்லுக்குள்ளேயே உளுந்தைத் தெளிப்பார்கள். நெல் அறுபட்டதும் உளுந்து மேலே வந்துவிடும். உழவு இல்லை, தனியாகப் பாசனம் இல்லை. மண்ணில் மிச்சமிருக்கும் ஈரமும் பனியுமே அதை வளர்த்துவிடும். எல்லாம் அந்த ஒரு நாள் பதத்தில் இருக்கிறது. என் மாமா வரப்பிலிருந்து இறங்கி, வெறுங்காலை மண்ணில் அழுத்தி வைத்து எடுப்பார். குனிந்து தடத்தைப் பார்ப்பார். 'பாரு தம்பி, தடத்துல தண்ணி ஊறுனா இன்னும் நாளாகணும். தடம் வெடிச்சா போச்சு, நாம தாமசம் பண்ணிட்டோம். மெழுகுல விரல் பதிஞ்ச மாதிரி நிக்கணும்.' அன்றைக்குத் தடத்தில் ஐந்து விரலும் தனித்தனியாகப் பதிந்து நின்றது. மறுநாள் விடியலில் கூடையோடு இறங்கினோம். அவர் கையை வீசும் வீச்சில் உளுந்து நெற்கதிர்களில் பட்டுச் சடசடவென்று உதிரும் சத்தம் மழைத் தூறலைப்போல இருந்தது. இப்போதும் பல வயல்களில் கையால்தான் தெளிக்கிறார்கள். காலையில் ஏழு மணிக்குள் போனால் பார்க்கலாம்.

அறுவடையை இப்போது இயந்திரம்தான் செய்கிறது. மண்ணில் ஈரம் இருந்தால் பெல்ட் வண்டி, காய்ந்திருந்தால் டயர் வண்டி. அறுத்த நெல் நேரடிக் கொள்முதல் நிலையத்தின் முன்னால் குவிந்து கிடக்கும். மழை வந்துவிடுமோ என்று வானத்தைப் பார்த்தபடி குவியலுக்குப் பக்கத்திலேயே படுத்திருப்பவர்களைக் காண்பீர்கள். அவர்களைப் படம் எடுப்பதற்கு முன் பேசுங்கள்.

தண்ணீரில் கால் வைக்கும் முன்

இதைத் தனியாக எழுதக் காரணம் இருக்கிறது. பழைய கொள்ளிடத்திலும், அதை ஒட்டிய வாய்க்கால், குளங்களிலும் முதலைகள் உண்டு. ஊர்க்காரர்களே உயிரிழந்திருக்கிறார்கள். வெள்ளம் வடியும் சமயத்தில் குட்டைகளுக்கும் வீட்டுக் கொல்லைக்கும்கூட முதலை வந்துவிடும். வனத்துறையினர் பிடித்து வக்காரமாரி நீர்த்தேக்கத்தில் விடுவார்கள். ஆகவே தண்ணீர் எவ்வளவு அமைதியாக இருந்தாலும், உள்ளூர்க்காரர் ஒருவரைக் கேட்காமல் ஆற்றிலோ வாய்க்காலிலோ குளிக்க இறங்காதீர்கள். பிள்ளைகளைக் கரையோரம் தனியே விடாதீர்கள். ஏரியின் மதகு வாயருகே நீந்துவதும் ஆபத்து, இழுப்பு வெளியே தெரியாது.

வயலில் பாம்பு இருக்கும். இருட்டிய பிறகு வரப்பில் நடக்க வேண்டாம், நடக்க நேர்ந்தால் டார்ச்சோடு நடங்கள். கொசுவுக்கு மருந்து, தொப்பி, தண்ணீர்ப் பாட்டில், சேறு பட்டாலும் கவலையில்லாத செருப்பு, இவ்வளவும் பையில் இருக்கட்டும். பொட்டல் வெளி என்பதால் பத்து மணிக்கு மேல் நிழல் கிடைப்பது அரிது.

மூன்றாம் நாள்: தண்ணீர் கடலைச் சேரும் இடம்

பிச்சாவரம் சிதம்பரத்துக்குக் கிழக்கே பதினைந்து கிலோமீட்டர் அளவில். வடக்கே வெள்ளாற்று முகம், தெற்கே கொள்ளிடத்து முகம், நடுவில் ஆயிரம் ஹெக்டேருக்கு மேல் பரந்த அலையாத்திக் காடு. 2022-இல் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்க்கப்பட்டது. சனி, ஞாயிறு கூட்டம் அதிகம், வார நாளில் காலை முதல் படகுக்கே போய்விடுங்கள். மோட்டார்ப் படகைவிடத் துடுப்புப் படகையே எடுங்கள். வேர்கள் குடைபோல் கவிந்து நிற்கும் ஒடுங்கிய வாய்க்கால்களுக்குள் அதுதான் நுழையும், சத்தமும் இராது. துடுப்பு போடும் அண்ணனிடம் சுரபுன்னை எது, தில்லை எது என்று கேளுங்கள், காட்டுவார். சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயரைத் தந்தது அந்த மரம்தான். இலையையோ கொப்பையோ ஒடிக்காதீர்கள். தில்லைப் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து.

2004 ஆழிப்பேரலையின்போது இந்தக் காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்கள் தப்பின. கடல் முகத்தில் இருந்த எம்.ஜி.ஆர். திட்டு அழிந்தது. படகுக்காரர்களில் பலருக்கு அது சொந்தக் கதை. அவர்களாகச் சொன்னால் கேளுங்கள், நீங்களாகக் கிளறாதீர்கள்.

மாசி மகத்தில் வந்தால் பிச்சாவரத்துக்குப் பக்கத்து ஊரான கிள்ளையில் நில்லுங்கள். ஸ்ரீமுஷ்ணம் பூவராக சுவாமி தீர்த்தவாரிக்காக அங்கே கடற்கரைக்கு வருவார். வழியில் இஸ்லாமியர்கள் சுவாமிக்கு மரியாதை செய்யும் வழக்கம் இன்றும் நடக்கிறது.

மீன் சாப்பிடுகிறவர்கள் திரும்பும் வழியில் பரங்கிப்பேட்டை பக்கம் போகலாம். அன்னங்கோயில் மீன்பிடி தளத்தில் காலையில் படகு வரும் நேரம் கடற்கரை களைகட்டியிருக்கும். பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையமும் பரங்கிப்பேட்டையில்தான் உள்ளது. அண்ணாமலை நகருக்கு மேற்கே வயல் என்றால் கிழக்கே கடல், இரண்டையும் படிக்கும் பல்கலைக்கழகம் அது.

மாலை வண்டிக்கு முன்னால் இன்னும் ஒரு மணி நேரம் கையில் இருந்தால், கடைத்தெருவில் இந்தப் பக்கத்து உளுந்து கேட்டு வாங்குங்கள். பங்குனி, சித்திரையில் வருகிறவர்களுக்குப் புது உளுந்தே கிடைக்கும். தோலோடு இருப்பதாகப் பார்த்து இரண்டு கிலோ போதும். ஊறவைத்து அரைக்கும்போது பழைய உளுந்துக்கு ஊற்றும் அளவு தண்ணீர் ஊற்றிவிடாதீர்கள், கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்து அரையுங்கள். மாவு பொங்கி வரும்.